முக்காடு தைத்த வைகாசி

2009ஆம் ஆண்டு சித்திரையிலும் வைகாசியிலும் நான் ஒரு முக்காடு தைத்துக்கொண்டிருந்தேன். நாலு யார் நீளத்தில் மெல்லிய வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் கையால் கோக்க வேண்டிய சின்னச் சின்ன முத்துகள். அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரப்போகிறவள் ஓர் இலங்கைப் பெண் என்று சொன்னார்கள். அவளாகப் பாட இருந்தவர் மொன்றியலில் இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. மூக்கெல்லாம் வெயில் புள்ளி.

அப்போது நானும் கணவரும் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தோம். பார்லிமென்ற் வீதி பஸ்ஸில் போனால் இருபது நிமிடத்தில் வேலைத்தலம். பழைய தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடியை ஒரு சிறிய ஒப்பரா குழு வாடகைக்கு எடுத்துத் தையலறை ஆக்கியிருந்தது. ஒப்பரா என்றால் கதை முழுவதையும் பாடியே நடிக்கிற நாடகம். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை படித்தவள். அவர்கள் எந்தப் பாஷையில் பாடுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. இடுப்பளவும் தோளளவும் சரியாக இருந்தால் போதும். ஒருவரோடும் அதிகம் கதைக்காமல் செய்யலாம் என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

தையலறைப் பொறுப்பாளர் உயரமான, வயது போன ஒரு கனேடியப் பெண். கத்தரிக்கோலை நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். துணி வெட்டத் தொடங்குமுன் எல்லோரையும் மேசையைச் சுற்றி இருத்திக் கதையைச் சொல்லுவது அவருடைய வழக்கம். “ஒரு ஆளுக்கு உடுப்புத் தைப்பதென்றால், அந்த ஆள் உடுப்புக்குள்ளே எதை ஒளிக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்” என்பார்.

அந்த முறை எடுத்தது ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் பழைய ஒரு பிரெஞ்சு ஒப்பரா. அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. இலங்கைக் கடற்கரையில் முத்துக்குளிக்கிற சனம் கூடி ஒருவனைத் தலைவனாக்குகிறது. அவனுடைய பழைய சிநேகிதன் திரும்பி வருகிறான். முன்பு ஒரு கோயிலில் கண்ட பெண்ணை இருவருமே விரும்பி, பிறகு சிநேகிதம் கெடக்கூடாது என்று இருவருமே அவளை மறப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். கடலில் புயல் வராமல் இருக்கப் பாறையில் நின்று பாடுவதற்கு முக்காடு போட்ட ஒரு பெண்ணைப் படகில் கொண்டு வருகிறார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கக்கூடாது. அவள் ஆண்களோடு பழகக்கூடாது. மீறினால் சாவு. சிநேகிதன் அவளைக் குரலிலேயே கண்டுபிடித்து விடுகிறான். இருவரும் சந்திக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். தலைவன் முதலில் காப்பாற்றத்தான் பார்க்கிறான். முக்காட்டை இழுத்ததும், தான் விரும்பிய அதே பெண் என்று கண்டு இருவரையும் கொல்லச் சொல்கிறான்.

“அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துரத்தப்பட்டு ஓடிவந்த ஒருவனை வீட்டில் ஒளித்து வைத்தவள். அவன் தன் சங்கிலியை அவளுக்குக் கொடுத்திருந்தான். சாகப் போகுமுன் அதைத் தன் தாயிடம் சேர்க்கச் சொல்லிக் கழற்றுகிறாள். தலைவன் பார்க்கிறான். அது அவனுடைய சங்கிலி” என்றார் பொறுப்பாளர்.

உடனே தலைவன் தன் ஊருக்குத் தானே தீ வைக்கிறான். சனம் தீயைப் பார்த்து ஓட, கட்டியிருந்த கயிற்றை வெட்டி இருவரையும் தப்ப விடுகிறான்.

“தலைவன் என்ன ஆவான்?” என்று ஒருவர் கேட்டார்.

“அதுதான் எங்களுக்குச் சிக்கல்” என்று பொறுப்பாளர் சிரித்தார். இசையமைத்தவருக்கு அப்போது இருபத்துநாலு வயதாம். கதை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோ என்று யோசித்துவிட்டுப் பிறகு இலங்கை என்று மாற்றினார்களாம். பதினெட்டுத் தரம் மேடையேறியதோடு சரி, பத்திரிகைகள் திட்டின. அவர் உயிரோடு இருந்தவரை திரும்ப அதை ஒருவரும் தொடவில்லை. முப்பத்தாறு வயதில் அவர் செத்த பிறகு எடுத்து, முடிவை வேறு ஆட்கள் மாற்றிவிட்டார்கள். ஒன்றில் தலைவனைக் குத்துகிறார்கள், இன்னொன்றில் எரிக்கிறார்கள். அவர் முதலில் எழுதியதில் தலைவன் சும்மா தனியே நிற்கிறான். எங்கள் இயக்குநர் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஆகவே தலைவனுக்கு மூன்று சட்டை: இரத்தம் பட்டது ஒன்று, கருகினது ஒன்று, முழுசாக ஒன்று.

மெக்சிகோ என்று நினைத்ததை இலங்கை என்று மாற்றியவர்களை நான் அப்போதே நம்பவில்லை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவளும் இலங்கைதான். மாசியில் வேலைக்கு வந்தவள், என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. முதல் நாளே “சிறீலங்கா?” என்று ஆங்கிலத் தொனியில் கேட்டாள். நான் தலையாட்டினேன். “மீ டூ” என்றாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் அவளுடைய குடும்பப் பெயரைப் பார்த்தேன். சிங்களம். அவளும் என்னுடையதைப் பார்த்திருப்பாள். எந்த ஊர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே மேசை, ஒரே ஸ்திரிக்கைப்பெட்டி, இருபது ஆங்கிலச் சொற்கள். அப்படித்தான் இரண்டு மாதம் போனது.

என் தம்பி வன்னியில், சண்டை நடந்த இடத்தில் இருந்தான். தை மாதத்தில் கடைசியாகப் போன் எடுத்தான். பிறகு லண்டனில் இருக்கும் உறவினர் மூலம் ஒரு செய்தி வந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்காரர் தம்பியையும் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பத்து நாளில் அவன் தப்பி வந்து சனத்தோடு சனமாக இருக்கிறான் என்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பத்து நாள் தெரிந்தால் அரசாங்கத்து ஆமி அவனைத் தனியே பிரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே உயிரோடு இருக்கிறானா என்பது ஒரு கவலை, இருந்தால் அந்தப் பத்து நாள் வெளியே வராமல் இருக்க வேண்டுமே என்பது இன்னொரு கவலை. சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் கணவரோடு போனில் கதைப்பேன். மேசையிலிருந்தபடியே, தமிழில். சுற்றியிருந்தவர்களுக்கு விளங்காதுதானே.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் பொறுப்பாளர் ஒத்திகை ஒலிப்பதிவைப் போட்டுவிட்டார். முத்துக்குளிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து “பிரமா! பிரமா!” என்று கடவுளைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே அவளும் தலையைக் குனிந்து சிரித்தாள். சிரித்தபடியே சொன்னாள்:

“பிரமாவுக்கு நம்ம நாட்டுல எங்க அக்கா கோயில்?”

தமிழில்.

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. வெள்ளை முக்காட்டில் இரத்தம் படாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

“உங்களுக்குத் தமிழ் தெரியுமே?”

“கொஞ்சம். நீர்கொழும்புப் பக்கம். அப்பா மீன்பிடிகாரர். அப்பாட ஆக்கள் வீட்டுல தமிழும் கதைப்பாங்க. சர்ச்சுல பூசையும் தமிழ்ல நடக்கும்.”

நான் கழுவுகிற இடத்துக்குப் போய் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, இரண்டு மாதமாக அந்த மேசையில் என்னென்ன சொன்னேன் என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். தம்பியின் பெயர் சொன்னேன். பத்து நாள் சொன்னேன். எல்லாம் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் அந்தக் கிழமைகளில் வேலை முடிந்ததும் டவுன்ரவுனுக்குப் போய் சண்டையை நிறுத்தச் சொல்லி மற்றச் சனத்தோடு றோட்டில் நின்று கத்துபவர். தொண்டை கட்டிப்போயிருந்தது.

“ரெண்டு மாசமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்து கேட்டிருக்கிறாள். ஏன் முதலே சொல்லேல்லை? உவள் துணியளக்க வந்தவளோ, உன்னை அளக்க வந்தவளோ?”

அடுத்த நாளிலிருந்து போன் எடுப்பதென்றால் படிக்கட்டுக்குப் போனேன். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தைப்பாள். எனக்கு வழி விடுகிற மாதிரி ஸ்திரிக்கைப்பெட்டியை முன்னே தள்ளி வைப்பாள். அதையும் சந்தேகப்பட்டேன்.

வைகாசி நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அன்றைக்கும் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்க்க வேண்டும். தையலறையில் எல்லோரும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஊரில் சில இடங்களில் சிங்களச் சனம் வெற்றிக்குப் பாற்சோறு காய்ச்சிக் கொண்டாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் எழும்பிப் போன நேரம் குளிர்ப்பெட்டியைத் திறந்து, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பாணும் பருப்பும் இருந்தன. வெட்கமாக இருந்தது. மூடியை அழுத்தும்போது, காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள் என்றும் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் முக்காட்டுக்கு ஆவி பிடிக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, கோபிக்காதீங்க. தம்பிட விசயம் எனக்குத் தெரியும். நீங்க போன்ல சொன்னது கேட்டது. என்ட பெரியம்மாட மகன் ஆமில. வவுனியாவுல சனத்த வச்சிருக்கிற முகாமுக்குத் தண்ணி பவுசர் லொறி ஓட்டுறான். எல்லாப் பக்கமும் போவான். முழுப் பேரும் ஐடென்ரிகாட் நம்பரும் தாங்க. பாக்கச் சொல்றேன்.”

“நாளைக்குச் சொல்லுறன்” என்றேன்.

“குடுக்காதை” என்றார் கணவர். “உயிரோட இருக்கிறவனைக் காட்டிக் குடுத்த மாதிரிப் போகும்.”

“குடுக்காட்டி இருக்கிறானோ எண்டே தெரியாதே.”

“உன்ர தம்பி, உன்ர விருப்பம். பிறகு என்னட்டை வந்து அழாதை.”

காலையில் பஸ்ஸில் இருந்து, துணி வெட்ட மாதிரி வரைகிற தாளின் துண்டொன்றில் எழுதினேன். பெயரைச் சரியாக எழுதினேன். அடையாள அட்டை எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினேன். மூன்று இருந்த இடத்தில் எட்டு. செக்பொயின்ற்களைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவர்களுக்கு இது கை தானாகச் செய்கிற வேலை. எங்கே போகிறாய், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டால், முழுப் பொய் பிடிபடும், முழு உண்மை ஆபத்து. உண்மையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். அவள் நல்லவள் என்றால் பெயர் போதும், கெட்டவள் என்றால் எண் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து மறுமொழி கொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

“அந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காராம் அக்கா. ஆனா நம்பர் வேற. கனடாவுல உனக்கு அக்கா இருக்காவான்னு கேட்டானாம். எனக்கு அக்காவே இல்லன்னு சொல்லிட்டாராம். அது வேற ஆள் போல. சொறி அக்கா.”

முதலில் அவள்தான் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் என்னுடைய எட்டு எனக்கு ஞாபகம் வந்தது. எண் வேறாகத்தானே இருக்கும். அக்காவே இல்லை என்று சொன்னானாமே. சீருடை போட்ட ஒருவன் வந்து கேட்டால் நானும் எனக்குத் தம்பியே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த மறுமொழியைப்போல என் தம்பி சொல்லக்கூடிய மறுமொழி வேறொன்று இல்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

ஆனாலும் மூன்று நாள் அவளிடம் வாய் திறக்கவில்லை. பொய் எண் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்லுவது? சொன்னால், ஏன் மறைக்கிறாய், மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பாளே. மறைக்க அந்தப் பத்து நாள் இருக்கிறது. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதையும் நான் மறக்கவில்லை.

நாலாம் நாள் உடுப்போடு கடைசி ஒத்திகை. கிழிகிற இடங்களை உடனே தைக்க நாங்கள் இருவரும் ஊசி நூலோடு மேடைப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நின்றோம். தலைவன் இழுத்ததும் கழன்று விழும்படி முக்காட்டை நான் இளந்தையலாகத்தான் போட்டிருந்தேன். அவன் இழுத்தான், சரியாகக் கழன்றது. அவன் கத்தினான், கொல்லச் சொன்னான். முக்காட்டுக்காரி சங்கிலியைக் கழற்றினாள். அவன் அதைக் கண்டான். ஒரு பாட்டு முடிவதற்குள் கொல்லச் சொன்னவன் காப்பாற்றுகிறவனாகிவிட்டான்.

நான் அதை நம்பவில்லை. அவ்வளவு கெதியாக மாறுகிற மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் ஒன்று மனதில் பிடித்தது. தலைவன் அவளிடம் பெயரோ ஊரோ கேட்கவில்லை. வேறொருவரிடமும் இருக்க முடியாத ஒரு பொருளைக் கண்டான், அவ்வளவுதான்.

மேடையில் தீ மூண்டது. செம்மஞ்சள் வெளிச்சத்தில் என் பக்கத்தில் நின்றவளின் முகம் தெரிந்தது.

“நம்பர் பிழை. நான்தான் மாத்தித் தந்தனான்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஏன்?”

“பயம்.”

மேடையில் தலைவன் கயிற்றை வெட்டி முடித்தான்.

“நான் ரெண்டு மாசம் தமிழ் தெரியாத மாதிரி இருந்தேனே அக்கா. அதுவும் பயம்தான். றோட்டெல்லாம் உங்கட ஆக்கள். நீங்க என்னைப் பத்தி என்ன கதைக்கிறீங்கன்னு கேட்டுட்டு இருந்தேன்.”

“என்ன கதைச்சனான்?”

“ஸ்திரிக்கைப்பெட்டிய விடுறாளில்ல, எருமைன்னு புருசன்கிட்ட சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன்தான். என் காது சுட்டது. அவள் சிரித்தாளா கோபித்தாளா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

அப்போதும் நான் சரியான எண்ணைச் சொல்லவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தேன். தம்பி இடக்கைக்காரன். மற்றப் பிள்ளைகளைப்போல பை இடப்பக்கம் இருந்தால் பேனை எடுக்கக் கஷ்டம் என்று, அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு நான் வலப்பக்கம் பை வைத்துத் தைத்தேன். நான் தைத்த முதல் சட்டை அது. “பள்ளிக்கூடச் சட்டையில் பை எந்தப் பக்கம் எண்டு கேக்கச் சொல்லு. வேற ஒண்டும் கேக்க வேண்டாம்.”

கணவரிடம் சொல்லவில்லை. நாடகம் தொடங்கிவிட்டது. இயக்குநர் கடைசியில் முழுச்சட்டையையே தெரிவு செய்தார், தலைவன் தனியே நின்றான். ஒவ்வொரு நாளும் நாடகம் முடியவும் கழன்ற முக்காட்டை நான் திரும்ப இளந்தையல் போட்டேன். போடும்போதெல்லாம், இப்போது யாரோ முகாமுக்குள் தம்பியைத் தேடிப் போகிறான், நான்தான் அனுப்பினேன் என்று நினைத்துக்கொள்ளுவேன். பவுசர்காரன் இரண்டு தரம் ஒரே ஆளிடம் போனால் மற்ற ஆமிக்காரர் கவனிக்க மாட்டார்களா? இவளுக்கு ஏன் இந்த அக்கறை? எட்டு நாள் இப்படியே போனது.

ஒன்பதாம் நாள் காலையில், நான் கைப்பையை வைக்குமுன்பே மேசையைச் சுற்றி வந்தாள்.

“அவர் பதில் சொல்லல்ல அக்கா.”

“அப்ப என்ன செய்தவனாம்?” என்றேன்.

“கேட்டதும் இவனையே பாத்துட்டு நின்னாராம். பிறகு, ‘அந்தச் சட்டையை ஆடுதானே திண்டது எண்டு அந்த மனுசியிட்டக் கேளுங்கோ’ன்னாராம். அவ்வளவுதான் சொன்னாராம். என்ன ஆடு அக்கா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பொறுப்பாளர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

அந்தச் சட்டையை ஆடு தின்னவில்லை. நான் கரி ஸ்திரிக்கைப்பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு வாசலில் வாய் பார்த்து நின்றேன். முதுகில் பெரிய ஓட்டை. அம்மாவின் அடிக்குப் பயந்து, தம்பியும் நானும் அதைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஆடு தின்றுவிட்டது என்று சொன்னோம். அம்மா ஆட்டுக்குத்தான் அடித்தா. இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

“அப்ப ஆடு தின்னல்லயா?” என்றாள் அவள்.

“இல்லை. அவன் பொய்க் கேள்வி போட்டிருக்கிறான். வேற ஆள் எண்டால் ஓம், ஆடுதான் எண்டு சொல்லும்.”

“அப்ப அவரும் எங்கள சோதிச்சிருக்கார்!” அவள் இடுப்பில் கை வைத்தாள். “உங்கட குடும்பத்துல ஒருத்தராவது நேரா ஒரு பதில் சொல்லுவீங்களா அக்கா?”

மாதிரித் தாளில் ஒரு துண்டு கிழித்துத் தந்தாள். ‘ஆடு தின்னவில்லை’ என்று எழுதினேன். அதற்குக் கீழே தம்பியின் அடையாள அட்டை எண்ணை எழுதினேன். அவள் தாளை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: “இந்த முறை சரியான நம்பரா?”

திரும்ப வாங்கி ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். கடைசியில் மூன்று.

“ஓம்” என்றேன்.

அந்தப் பவுசர்காரன் ஏன் அதைச் செய்தான் என்று கணவர் இன்றைக்கும் கேட்பார். எனக்குத் தெரியாது. ஒரு பொருளைக் கண்டு மனம் மாறினானா, முதலிலிருந்தே அப்படித்தானா, அல்லது சகோதரியின் ஆக்கினை தாங்காமல் செய்தானா. நான் அவளிடம் கேட்டதில்லை.

ஐந்தாறு நாள் கழித்து, பின்னேரம் வீட்டுப் போன் அடித்தது. அவள் மூலம் எங்கள் போன் நம்பரை வாங்கியிருந்த பவுசர்காரன், தன்னுடைய கைபேசியைத் தம்பியிடம் இரண்டு நிமிடத்துக்குக் கொடுத்திருந்தான். இரைச்சல், யாரோ வாளி வைக்கிற சத்தம், பிறகு ஒரு ஆண் குரல். நான் “ஹலோ, நான்தான்” என்றேன்.

“ஆடு என்ன நிறம்?” என்றது குரல்.

“கறுப்பு” என்றேன். “நெத்தியில வெள்ளை.”

அதற்குப் பிறகுதான் “அக்கா” என்றான்.